எழுதியவர் விட்டுப்போன பிளகின் யாருடையது?

தம்பி, உங்கள் கேள்வி நீளமாக வந்தது. படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் அதைச் சுருக்கி எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் உங்கள் தோட்டத்து மாரியம்மன் ஆலயத்துக்கு வேர்ட்பிரஸில், அதாவது இணையத்தளம் அமைக்க உதவும் இலவச மென்பொருளில், ஓர் இணையத்தளம் உண்டு. அன்றாடப் பஞ்சாங்கம் காட்டவும், திருவிழா உபயத்துக்குப் பெயர் பதியவும் அதில் ஒரு பிளகின், அதாவது தளத்தோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு சிறு நிரல், ஓடியது. எழுதியவர் அதே தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். 2012-இல் எழுதி, பென்டிரைவில் போட்டு அக்கம்பக்கத்து ஆலயங்களுக்கும் கொடுத்தார். 2014-க்குப் பிறகு ஒரு திருத்தமும் வரவில்லை. மின்னஞ்சல் போட்டால் திரும்பி வருகிறது. பழைய கைப்பேசி எண்ணை வேறு யாரோ எடுக்கிறார்கள். போன மாதம் சர்வர்காரர்கள், வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழியான பிஎச்பியை 8-ஆம் பதிப்புக்கு ஏற்றியதும் ஆலயத்தின் பக்கம் வெறும் வெள்ளையாக நின்றுவிட்டது. நீங்கள் உட்கார்ந்து சரிசெய்துவிட்டீர்கள். இப்போது ஏழு ஆலயங்கள் உங்களிடம் அதைக் கேட்கின்றன. ஆலயத்துக்கு 50 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு உங்கள் பெயரில் கொடுக்கலாமா என்கிறீர்கள். கேட்ட இடத்தில் எல்லாம் ஆளுக்கொரு பதில். ஒருவர், பத்து வருடம் கவனிக்காமல் கிடந்தது பொதுச்சொத்து என்றார். இன்னொருவர், வேர்ட்பிரஸ் பிளகின் எல்லாமே ஜிபிஎல்தான், அதாவது யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்று விடும் திறந்த உரிமம்தான் என்றார். ஆலயச் செயலாளர், அந்தப் பையனுக்கு 300 வெள்ளி கொடுத்தோம், ஆகவே அது ஆலயத்துடையது என்றார். நாலாவதாக, 2014-இல் அவரே ஃபேஸ்புக்கில் “யாரு வேணும்னாலும் எடுத்துக்குங்க” என்று எழுதிய படத்தை ஒருவர் காட்டினார்.

ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒன்பது வருடம் கிராணியாக (எழுத்தராக) இருந்து, அதன் பிறகு இங்கே பட்டணத்தில் கணினிக் கடை போட்டவன் நான். இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். அதனால் நேராகவே சொல்கிறேன். உங்கள் ஆலயத்தின் பிரதியைச் சரிசெய்து ஓட்டுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவர் ஆலயம் பயன்படுத்தட்டும் என்றுதான் கொடுத்தார். ஓடாமல் நின்றதை ஓட வைத்தது அந்த நோக்கத்துக்குள் அடங்கும். மற்ற ஏழு ஆலயங்களுக்குப் பிரதி போட்டுக் கொடுப்பது அப்படியல்ல. அதற்கு எழுதியவரின் அனுமதி வேண்டும். உங்கள் பெயரில் கொடுப்பது எந்த நிலையிலும் கூடாது.

பொதுச்சொத்து என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். மலேசியாவில் இதற்கான சட்டம் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், எண் 332. கணினி நிரலை அது இலக்கியப் படைப்புகளின் வரிசையில் வைக்கிறது. எழுதி முடித்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடும். எங்கும் பதிய வேண்டியதில்லை. 2012 திருத்தத்துக்குப் பிறகு மைஐபிஓ என்ற அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தில் விரும்பினால் அறிவிப்புக் கொடுத்து வைக்கலாம், அவ்வளவுதான். கொடுக்காதவருக்கும் அதே உரிமை உண்டு. அந்த உரிமை எழுதியவரின் ஆயுள் முழுவதும், அவர் மறைந்த பின் 50 ஆண்டும் நிற்கும். அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபது வரை இருந்தாலும் இன்னும் எண்பது வருடம் போக வேண்டும். இத்தனை வருடம் கவனிக்காமல் விட்டால் உரிமை போய்விடும் என்ற வரி அந்தச் சட்டத்தில் எங்கும் கிடையாது.

கணினி விளையாட்டுப் பிள்ளைகள் ‘அபாண்டன்வேர்’, அதாவது கைவிடப்பட்ட மென்பொருள், என்று ஒரு சொல்லைப் புழங்குவார்கள். அது பேச்சு வழக்கு; நீதிமன்றத்தில் அதற்கு எடையில்லை. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்புகளுக்குச் சில நாடுகள் வழி வைத்திருப்பது உண்மைதான். கனடாவில் பதிப்புரிமை வாரியத்திடம் விண்ணப்பித்து உரிமம் வாங்கலாம். பிரிட்டன் 2014-இல் ஓர் உரிமத் திட்டம் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012 நெறிமுறை நூலகம், காப்பகம் போன்ற இடங்களுக்காகப் போட்டது. புத்தகம், திரைப்படம், ஒலிப்பதிவு என்று போகுமே தவிர மென்பொருள் பக்கம் வராது. அங்கெல்லாம்கூட முதல் நிபந்தனை ஒன்றே: ஆளை உண்மையாகத் தேடியிருக்க வேண்டும்.

நம் சனங்களுக்கு இதை விளக்கச் சட்டமே வேண்டியதில்லை. பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்ட காலத்தில் எத்தனை குடும்பங்கள் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தன. தூக்க முடியாத தகரப்பெட்டியைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு வந்தோம். நாலு வருடம் கழித்துப் போய்க் கேட்டபோது அந்த வீட்டம்மா துடைத்து எடுத்துக் கொடுத்தார். ஆள் வரவில்லையே, இனி நமக்குத்தான் என்று யாரும் திறந்து பார்க்கவில்லை.

அடுத்து ஜிபிஎல். வேர்ட்பிரஸ் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. அதன்மேல் எழுதப்படும் பிளகினும் அதன் வழிப்படைப்பு, ஆகவே அதுவும் ஜிபிஎல்லில்தான் வெளிவர வேண்டும் என்பது வேர்ட்பிரஸ் தரப்பின் நிலைப்பாடு. 2010-இல் தீசிஸ் என்ற வார்ப்புருவை (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் நிரலை) செய்தவருக்கும் வேர்ட்பிரஸ் நிறுவனருக்கும் இதே விஷயத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. வழக்கு வரைக்கும் போகாமல், தீசிஸ்காரர் தன் பிஎச்பி பகுதியை ஜிபிஎல்லுக்குக் கொண்டுவந்து முடித்தார். ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். ஜிபிஎல்லில் விட வேண்டியதை ஒருவர் விடவில்லை என்றால், அவர் வேர்ட்பிரஸின் உரிம நிபந்தனையை மீறினார் என்று வேர்ட்பிரஸ்காரர்கள் சொல்லலாம். அதனால் உங்களுக்கு உரிமம் கிடைத்துவிட்டது என்று ஆகாது. உரிமம் என்பது எழுதியவர் தன் வாயால், தன் கையால் கொடுப்பது. அது தானாக ஒட்டிக்கொள்ளாது.

ஆகவே அந்த ஜிப் கோப்பைத் திரும்பவும் திறந்து பாருங்கள். முதன்மை பிஎச்பி கோப்பின் தலைப்பில், பிளகின் பெயர், பதிப்பு எண், எழுதியவர் என்று வரிசையாக வரும் இடத்துக்குக் கீழே ‘லைசென்ஸ்’ என்று ஒரு வரி இருக்கிறதா? கூடவே வரும் ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் இருக்கிறதா? மாதிரிக் கோப்பை எடுத்து எழுதியவர்கள் பலர் ‘ஜிபிஎல் 2 அல்லது அதற்குப் பிந்தியது’ என்ற வரியைக் கவனிக்காமலே விட்டிருப்பார்கள்; அப்படி இருந்தாலும் உங்களுக்குப் போதும். பழைய பதிப்புகளையும் தேடுங்கள், வேறு ஆலயத்தில் வேறு பிரதி இருக்கலாம். அவர் எப்போதாவது வேர்ட்பிரஸின் அதிகாரப்பூர்வப் பிளகின் பட்டியலில் ஏற்றினாரா என்றும் பாருங்கள். அங்கே ஜிபிஎல்லுக்குப் பொருந்தாத எதையும் ஏற்பதில்லை, ஆகவே ஏற்றியிருந்தால் சிக்கல் அன்றோடு தீர்ந்தது. ஜிபிஎல் வரி கிடைத்தால் நீங்கள் 50 வெள்ளி வாங்குவதற்குக்கூடத் தடையில்லை. அவர் பெயரையும் உரிம வாசகத்தையும் அப்படியே வைத்து, எந்தக் கோப்பில் எந்த நாளில் என்ன மாற்றினீர்கள் என்று எழுதி, வாங்கியவர்களுக்கும் அதே உரிமையைக் கொடுத்துவிட வேண்டும்.

செயலாளர் சொன்ன 300 வெள்ளிக் கதையைப் பலரும் தட்டிவிடுவார்கள். நான் தட்டமாட்டேன், நம் நாட்டுச் சட்டத்தில் அதற்கு உண்மையான பலம் இருக்கிறது. 26-ஆம் பிரிவு சொல்வது இது: உரிமை முதலில் எழுதியவருக்கே. ஆனால் ஒருவர் கேட்டுச் செய்வித்த வேலையாக இருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அது செய்வித்தவர் கைக்கு மாறியதாகவே கருதப்படும். முதலாளியிடம் சம்பளத்துக்கு எழுதினாலும் அப்படித்தான். இதனால்தான் அந்தக் காலத்துக் கணக்குப் புத்தகத்தை எடுக்கச் சொல்கிறேன். 2012-இல் அந்த 300 வெள்ளிக்கு என்ன எழுதியிருக்கிறார்கள்? ‘இணையப் பஞ்சாங்கம் செய்யக் கூலி’ என்று இருந்தால் ஆலயம் செய்வித்தது என்று வாதிட இடமுண்டு. ‘அன்பளிப்பு’ என்று இருந்தாலோ, அவர் ஏற்கெனவே எழுதி முடித்துக் கொண்டுவந்ததற்கு மரியாதையாக மாலை போட்டு உறையில் வைத்துக் கொடுத்ததாக இருந்தாலோ, அது கூலி ஆகாது, பிளகின் அவருடையதே. ஒரு பற்றுச்சீட்டில் இருக்கும் இரண்டு சொல் உரிமையின் திசையையே மாற்றிவிடும். அன்றைய கூட்டக் குறிப்பு இருந்தால் இன்னும் நல்லது. செயலாளர் ஞாபகத்திலிருந்து சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஃபேஸ்புக் வாசகம். இதைப் படித்ததும் எனக்கு வார்கிராஃப்ட் விளையாட்டின் நினைவு வந்தது. அந்த விளையாட்டுக்கு ரசிகர்கள் செய்த டோட்டா என்ற வரைபடத்தைத் தொடங்கியவர் யூல் என்ற புனைபெயர்க்காரர். 2004-இல் அவர், இனி இது திறந்தது, யாரும் தங்கள் பதிப்பை வெளியிடலாம், எனக்கு ஒரு நன்றி மட்டும் சொல்லுங்கள் என்ற பொருளில் எழுதிவிட்டு விலகினார். பதின்மூன்று வருடம் கழித்து, 2017-இல், அமெரிக்க நீதிமன்றத்தில் பிளிசார்ட், வால்வ் என்ற விளையாட்டுக் கம்பெனிகள் தொடுத்த வழக்கில் அந்தச் சில வரிகள் வந்து நின்றன. எதிர்த்தரப்பு, அவர் உரிமையைக் கைவிட்டுவிட்டார் என்றது. நீதிபதி அதை அப்படியே ஏற்று வழக்கை முடித்துவைக்க மறுத்தார். அந்தச் சொற்களால் அவர் என்ன கருதினார் என்பது ஜூரி தீர்மானிக்க வேண்டிய விஷயம் என்றார். அவ்வளவு பெரிய கம்பெனிகளின் வழக்கறிஞர்கள் ஒரு பையன் போகிற போக்கில் எழுதிய வாக்கியத்துக்காக மல்லுக்கட்டினார்கள்.

உங்கள் விஷயத்திலும் அதே தகராறுதான் வரும். “எடுத்துக்குங்க” என்றால் எடுத்துப் பயன்படுத்தவா, மாற்றவா, மாற்றி விற்கவா? நம் சட்டத்தின் 27-ஆம் பிரிவு உரிமை மாற்றமும் உரிமமும் எழுத்தில் இருந்தாலொழியச் செல்லாது என்கிறது. 2006-ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டப்படி, பிறகு எடுத்துப் பார்க்கக்கூடிய மின்னணுச் செய்தியும் எழுத்துதான். ஆகவே ஃபேஸ்புக், வாட்சாப் என்று ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் உங்களிடம் இருப்பது இன்னொருவர் கைப்பேசியில் எடுத்த படம். மேலே யார் என்ன கேட்டதற்கு அவர் அப்படிப் பதில் சொன்னார் என்பது வெட்டுப்பட்டிருக்கிறது. அந்த உரையாடல் முழுதாகக் கிடைத்தால் மற்ற ஆலயங்களுக்கு இலவசமாகக் கொடுக்க அது ஓரளவு துணை நிற்கும் என்பது என் கணிப்பு. 50 வெள்ளிக்கு அது துணை நிற்காது. சட்டப்படி குற்றமென்று வந்துவிட்டால், வணிகமாகச் செய்த மீறலுக்கு அபராதம் பிரதி ஒன்றுக்கு 2,000 வெள்ளியிலிருந்து 20,000 வெள்ளி வரை போகும், சிறையும் உண்டு. ஏழு ஆலயம், ஏழு பிரதி. ஓர் ஆலயப் பிளகினுக்கு அந்த அளவு போவார்கள் என்று நான் நினைக்கவில்லை, ஆனாலும் கணக்கு பிரதிக்கு இவ்வளவு என்று ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் என் கையால் நடந்த தவறு. பல வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நூலகப் புத்தகம் இரவல் கொடுப்பதற்கு ஒரு சின்ன நிரல் இருந்தது. அந்தப் பள்ளியின் முன்னாள் மாணவர் எழுதியது. அவர் ஜொகூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். நிரல் மக்கர் செய்தபோது ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். நான் சரிசெய்தேன், பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்று ஆறு பள்ளிகளுக்குக் குறுந்தட்டில் போட்டுக் கொடுத்தேன். கோப்பின் தலையில் இருந்த நாலைந்து குறிப்பு வரிகளை அழித்துவிட்டு என் கடைப் பெயரைப் போட்டேன். தீபாவளிக்கு ஊர் வந்தவர் ஒருநாள் மாலை கடைக்கு வந்து நின்றார். கோபமாகப் பேசவில்லை. “அண்ணே, பேர எடுத்துட்டீங்க, பரவால்ல. அப்பா பேரயும் எடுத்துட்டீங்களே” என்றார். நான் அழித்த வரிகளில் ஒன்று, பால்மரம் சீவியே தன்னைப் படிக்க வைத்த அப்பாவுக்கு என்று அவர் எழுதியிருந்தது. வாசிக்காமலே அழித்திருக்கிறேன். மறுவாரம் ஆறு பள்ளிக்கும் மோட்டாரில் போய் எல்லாவற்றையும் மாற்றி வைத்தேன். சட்டத்தின் 25-ஆம் பிரிவு இதைத் தார்மீக உரிமை என்கிறது: படைப்பாளி என்று அறியப்படும் உரிமை, தன் மதிப்புக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைக்க விடாத உரிமை. பொருளாதார உரிமை ஆலயத்துக்கே போயிருந்தாலும் இது அவரிடமே இருக்கும்; மறைந்த பின் அவருடைய சட்டப்படியான பிரதிநிதி கையில் இருக்கும்.

உபயப் படிவக் கோப்பில் வேறொருவரின் பெயர் இருக்கிறது என்று ஓரமாக எழுதியிருந்தீர்கள். அதை ஓரத்தில் விடாதீர்கள். அந்தப் பகுதி அவருடையது. அனுமதி கேட்க வேண்டிய ஆள் இரண்டாகிறது. மைன்கிராஃப்ட் விளையாட்டின் சர்வரில் கூடுதல் வசதி சேர்க்க ரசிகர்கள் செய்த பக்கிட் திட்டத்தில் 2014-இல் இதுதான் வெடித்தது. திட்டம் தங்களுடையது என்று அந்த விளையாட்டின் கம்பெனியான மோஜாங் அறிவித்தது. ஆனால் உள்ளே இருந்த வரிகளை எழுதிய தன்னார்வலர்களில் ஒருவர் தன் வரிகளுக்கான உரிமையைச் சுட்டி நோட்டீஸ் அனுப்ப, அந்தத் திட்டத்தின் கிராஃப்ட்பக்கிட் மென்பொருளின் பதிவிறக்கமே நின்றுபோனது.

இனி, ஆளே கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? இதைத்தான் உங்களிடம் விரிவாகப் பேச நினைத்தேன், ஏனென்றால் இங்கே கதவு திறந்திருக்கிறது. பதிப்புரிமை எழுதிய வரிகளுக்குத்தான். கருத்து, வழிமுறை, கணித முறை எதற்கும் அது கிடையாது என்று 7-ஆம் பிரிவே சொல்கிறது. அந்தப் பிளகினை ஆலயங்கள் ஏன் விரும்பின என்று யோசித்துப் பாருங்கள். ஊரிலிருந்து வரும் காலண்டரில் திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது என்று இருக்கும். அது காலை ஆறுக்குச் சூரியன் உதிக்கிறது என்ற கணக்கு. நமக்கு இங்கே பேராவில் சூரியன் ஏறக்குறைய ஏழேகாலுக்கு உதிக்கிறது. 1982-இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளிய பிறகு இன்னும் விலகிப்போனது. உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள பொழுதை எட்டாகப் பங்கிட்டு, திங்களுக்கு இரண்டாம் பங்கு என்று எடுத்தால் எட்டேமுக்காலை ஒட்டித்தான் தொடங்கும். இந்தக் கணக்கை அவர் கண்டுபிடிக்கவில்லை, நீங்களும் நானும் கண்டுபிடிக்கவில்லை. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே 12 பாகை விலகினால் ஒரு திதி என்பதும், 13 பாகை 20 கலை ஒரு நட்சத்திரம் என்பதும் அப்படித்தான். யாரும் எழுதலாம். அவர் கோப்பை மூடி வைத்துவிட்டு, இந்த விதிகளிலிருந்து உங்கள் வரிகளை நீங்களே எழுதினால் அது முழுக்க உங்களுடையது. அவர் கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரலில் வரும் மாறிகளின் (வேரியபிள்) பெயர்களை மட்டும் மாற்றுவது எழுதுவது ஆகாது. அது பிரதிதான்.

திதி முடியும் நேரங்களை அவர் அச்சுப் பஞ்சாங்கத்திலிருந்து தட்டச்சு செய்து பெரிய அட்டவணையாக வைத்திருந்தால், அங்கே மூன்றாவதாக ஒருவர் வருகிறார். தரவுத் தொகுப்பும், தேர்விலும் அடுக்கிலும் அறிவு உழைப்பு இருந்தால், நம் சட்டத்தில் பாதுகாப்புப் பெறும். ஒரு பஞ்சாங்கத்தை முழுசாக எடுத்து இரண்டரை மணி கூட்டிப் போட்டிருக்கிறார் என்றால், அந்த அட்டவணையை நீங்கள் தொடாமல் விடுவதே நல்லது. கணித்தே எடுக்கலாம், இன்றைக்கு அதற்கு வேண்டிய வானியல் நிரல்தொகுப்புகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, ஒவ்வொன்றின் உரிமத்தையும் வாசித்துவிட்டு எடுங்கள்.

பழைய நிரலை விட்டுவிடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நீங்கள் சரிசெய்தது, பிஎச்பி 8-இல் நீக்கப்பட்ட ‘ஈச்’, ‘கிரியேட் ஃபங்ஷன்’ என்ற இரண்டு கட்டளைகளையும் மாற்றியது மட்டும்தான். பக்கம் திரும்ப வந்துவிட்டது, சரி. ஆனால் உபயப் படிவம் சனங்களின் பெயர், தொலைபேசி எண், நட்சத்திரம் எல்லாவற்றையும் வாங்கி 2012 காலத்துப் பழக்கத்தில் சேமிக்கிறது. அது எவ்வளவு ஓட்டை என்று யாரும் பார்க்கவில்லை. அதை ஏழு ஆலயங்களுக்குப் பரப்புவதற்கு முன் அந்தப் படிவத்தையாவது நிறுத்தி வையுங்கள்.

தேடுவதை எப்படிச் செய்வது? பைத்தான் என்ற நிரல்மொழியின் நிரல்தொகுப்புக் களஞ்சியத்தில் கைவிடப்பட்ட திட்டத்தை இன்னொருவர் கேட்டால், நிர்வாகிகள் பழைய உரிமையாளரைக் குறைந்தது மூன்று முறை தொடர்புகொள்ள முயல்வார்கள், ஆறு வாரம் வரை பார்ப்பார்கள். நல்ல அளவுகோல். நமக்கு அவர்களைவிட வசதி அதிகம்: தோட்டத்துப் பிள்ளையைத் தேட இணையம் வேண்டாம். அவர் படித்த பள்ளியின் தலைமையாசிரியர், அவர் அம்மா பால்மரத் தோப்பில் யாரோடு வேலை செய்தார், தைப்பூசத்துக்கு ஆண்டுதோறும் எந்தக் காவடிக் குழுவோடு வருவார் என்று கேட்டால் இரண்டு நாளில் ஒரு எண் கிடைக்கும். கிடைக்காவிட்டால், எந்தத் தேதியில் யாரைக் கேட்டீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர் மறைந்திருந்தால், உரிமை அசையும் சொத்தைப் போல வாரிசுகளுக்குப் போயிருக்கும். மனைவி மக்கள் இல்லாதவர் என்றால் பெற்றோருக்கு. முறையான அதிகாரம் மரபுரிமைச் சொத்தை நிர்வகிப்பவருக்குத்தான், என்றாலும் அந்த அம்மாவின் சம்மதம் இல்லாமல் எதுவும் செய்யாதீர்கள்.

ஆள் கிடைத்தால் போனில் பேசுங்கள், முதலில் நலம் விசாரியுங்கள், அவர் எழுதியது இத்தனை வருடம் ஓடியது என்று சொல்லுங்கள். பேசி முடித்ததும் எழுத்தில் ஒன்று கேட்டு வாங்குங்கள். ஃபேஸ்புக் வாசகத்தில் இருந்த குழப்பம் வராதபடி இப்படிக் கேட்கலாம்:

“அண்ணா, நீங்கள் 2012-இல் எழுதிய ஆலயப் பஞ்சாங்கப் பிளகினை, உங்கள் பெயரை முதலில் வைத்து, ஜிபிஎல் 2 அல்லது அதற்குப் பிந்திய உரிமத்தில் நான் திருத்தி வெளியிட உங்களுக்குச் சம்மதமா? மற்றவர்களும் திருத்தலாம், கட்டணம் வாங்கியும் கொடுக்கலாம் என்பது இதில் அடங்கும். உபயப் படிவத்தை எழுதியவர் யார், அவரை எப்படிப் பிடிப்பது?”

அவர் ‘சம்மதம்’ என்று தன் பெயரோடு பதில் போட்டால் போதும். அந்த உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து, பிளகின் கோப்புகளோடு ஒரு பிரதி, ஆலயச் செயலாளரிடம் ஒரு பிரதி வைத்துவிடுங்கள். ஒருவேளை, முழுசாக நீயே எடுத்துக்கொள் தம்பி என்று அவர் சொன்னாலும் ஜிபிஎல் வரியை வாங்குவதே நல்லது. நாளைக்கு உங்களாலும் கவனிக்க முடியாத நாள் வரும். அப்போது இன்னொரு பிள்ளை உங்களைத் தேடி அலைய வேண்டாம். அதற்காக, கேட்கிற முதல் ஆளிடமே சாவியைக் கொடுத்துவிடவும் வேண்டாம். 2018-இல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற நிரல்தொகுப்பை, நேரமில்லாத அதன் ஆசிரியர் உதவ வந்த ஒரு புதியவரிடம் ஒப்படைத்தார். வந்தவர் பிட்காயின் திருடும் வரிகளை உள்ளே வைத்தார்.

இன்றிலிருந்து ஆறு வாரம் வையுங்கள். அதுவரை ஏழு ஆலயத்துக்கும், செய்துகொண்டிருக்கிறோம் என்று மட்டும் சொல்லுங்கள், காசு வாங்காதீர்கள். பதில் வராவிட்டால் வேறு பெயரில் புதிதாகத் தொடங்குவோம். அறிமுகப் பக்கத்தில் இந்த யோசனையை முதலில் நம் ஊரில் செய்தவர் இவர் என்று அவர் பெயரைப் போடுவோம். உதயம், ராகு காலக் கணக்கை நான் எழுதித் தருகிறேன், படிவத்தை நீங்கள் எழுதுங்கள். சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது. வரும்போது அந்த 2012 கணக்குப் புத்தகத்தையும் செயலாளரிடம் கேட்டு எடுத்து வாருங்கள்.